முதல் வேலைக்கு ரெஸ்யூம்: மாமா கடைக் கணக்கையும் எழுதுங்க தம்பி

மதுரைப் பக்கம் கப்பலூரில் நான் இருக்கும் கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் ஆள் எடுக்கிறார்கள் என்றால், வந்து குவியும் ரெஸ்யூம்களை முதலில் பிரிப்பது என் வேலை. பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சு. சவாலான சூழலில் திறமையை நிரூபித்து நிறுவன வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்று ஆரம்பிக்கும், நடுவில் அப்பா பெயர், மதம், சாதி, ஹாபி, கடைசியில் மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று ஒரு உறுதிமொழி. பிரவுசிங் சென்டரில் முன்னால் வந்தவருடைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தருவதால் வரும் வினை இது. ஒன்றில் மேலே ஒரு பெயர், கீழே கையெழுத்து இடத்தில் வேறொரு பெயர்!

முதல் காரியம், அந்த ஃபைலை மூடுங்கள். வெற்று ஏ4 பக்கம் ஒன்று போதும், புதிதாக வேலை தேடுகிறவருக்கு இரண்டாம் பக்கம் தேவையே இல்லை.

மேலே பெயர், போன் நம்பர், மெயில் முகவரி, ஊர். அவ்வளவுதான். வீட்டு நம்பர், தெருவெல்லாம் வேண்டாம், கேட்டால் ஒழிய போட்டோவும் வேண்டாம். மெயில் முகவரி பள்ளிக்கூட நாளில் விளையாட்டாக நடிகர் பெயரைச் சேர்த்து ஆரம்பித்தது என்றால், உங்கள் பெயரிலேயே புதிதாக ஒன்று ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்து அனுபவம். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். போன வருடம் மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், பி.காம். முடித்தவர், அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தார். போனில் பேச்சுவாக்கில், "லீவுல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மாமாவுக்குக் கமிஷன் கடைண்ணே, விடியறதுக்கு முன்னாடியே போயிருவேன்" என்றார். தோண்டித் தோண்டிக் கேட்டால், ஒவ்வொரு விவசாயியின் மல்லிகை எடை, விற்ற விலை (அது ஒரே காலையில் எத்தனை தடவை மாறும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை), கமிஷன் போக மீதி, முன்பணம் வாங்கியிருந்தால் அதில் கழிவு, எல்லாம் அவர்தான் எழுதியிருக்கிறார். நோட்டில் இருந்ததைத் தானாகவே எக்செலுக்கும் மாற்றியிருக்கிறார். இது அக்கவுண்ட்ஸ் வேலை இல்லாமல் வேறென்ன?

அதை இப்படி எழுதச் சொன்னேன்: 'பூ கமிஷன் கடை, மாட்டுத்தாவணி, 2 வருடம், பகுதிநேரம். தினமும் சுமார் 40 விவசாயிகளின் எடை, விலை, கமிஷன் கணக்கை எக்செலில் பதிந்து, வாரக் கடைசியில் பட்டுவாடா பட்டியல் தயாரித்தேன்.' எங்கே, எவ்வளவு காலம், என்ன செய்தீர்கள், எத்தனை, இந்த நாலும் இருந்தால் சரி. ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றாலும் முதலில் தமிழில் எழுதிவிட்டு அப்புறம் மாற்றுங்கள், இல்லையென்றால் கை தானாகவே அந்தப் பழைய சவாலான சூழலுக்குப் போய்விடும். இல்லாததை மட்டும் சேர்க்காதீர்கள், டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியும் என்று போட்டால், அதில் ஒரு வரவு செலவைப் பதிந்து, அதாவது வவுச்சர் என்ட்ரி போட்டுக் காட்டச் சொல்வோம்.

படிப்பைச் சுருக்கமாக, கடைசியாகப் படித்ததை மேலே வைத்து எழுதுங்கள். படிப்பு, கல்லூரி, முடித்த வருடம், மதிப்பெண் போதும்.

அப்புறம் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஒப்பிடுங்கள். அதில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று இருந்து, உங்களுக்கும் அது தெரியும் என்றால், அதே வார்த்தை ரெஸ்யூமில் இருக்கட்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் மனிதர் பார்ப்பதற்கு முன்பே மென்பொருள் வார்த்தைகளைத் தேடிவிடும், கலர் கட்டங்களுக்கும் படங்களுக்கும் உள்ளே எழுதியதை அது சில சமயம் கோட்டைவிடும்.

பி.டி.எஃப். ஆக்கி, ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். 'நியூ ஃபைனல் 2' என்று எனக்கு வாரத்துக்கு நாலு வருகிறது. மெயிலில் எந்த வேலைக்கு என்று இரண்டு வரி எழுதி, முதலில் உங்களுக்கே அனுப்பிப் போனில் திறந்து பாருங்கள். போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைந்த ரெஸ்யூம் ஒன்று இன்னும் என் மேசையில் கிடக்கிறது, நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது, எப்படிக் கூப்பிடுவது?