தெருவைக் கல்லச்சில் அரூபமாக இறக்குவது எப்படி?

கல்லச்சு என்பது சுண்ணக்கல்லில் கொழுப்பால் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறை (லித்தோகிராஃபி). கொழுப்பும் தண்ணீரும் சேராது என்பதுதான் அதன் அடிப்படை. கொழுப்பு ஏறிய இடம் மையை வாங்கும், ஈரமாக இருக்கும் இடம் மையைத் தள்ளிவிடும். அதனால் போட்டோவை வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக வரைவதில் பயனில்லை. தெருவை அடர்கறுப்பு, சாம்பல், வெறும் கல் என மூன்றாகப் பிரியுங்கள். மின்கம்பம், கடை ஷட்டர், கம்பிகளின் குறுக்கோட்டம் என நாலைந்து வடிவங்களே போதும். அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ் நியூயார்க்கின் ஆறாம் அவென்யூ மேம்பால ரயிலை 1931-இல் கல்லச்சாக்கியபோதும் தெருவைத் துண்டு துண்டான வடிவங்களாகத்தான் போட்டார்.

பழைய படம் போகும்வரை கல்லைத் தேய்க்க வேண்டும். கார்போரண்டம் என்ற உரசுதூளில் முதலில் பெருந்துகளான எண் 80, பிறகு 120, கடைசியில் நுண்ணிய 220. ஒவ்வொரு தூளுக்கும் இடையே சுத்தமாகக் கழுவாவிட்டால் ஒரே ஒரு பெருந்துகள் நீளமாகக் கீறிவிடும். கல்லின் மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி, அடியில் மெல்லிய காகிதத் துண்டுகளைச் செருகி இழுத்து மட்டம் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இறுக வேண்டும். மேடுபள்ளமான கல் அச்சழுத்தத்தில் உடையும்.

ஓரத்தில் ஓர் அங்குலம் பிசின் (கம் அராபிக்) தடவி உலரவிட்டு, உள்ளே வரையுங்கள். சாதாரண கார்பன் தாள் வேண்டாம், அதன் கொழுப்பும் அச்சில் வரும். காவிப்பொடி தேய்த்த தாளே சரி. கல்லில் வரையும் கொழுப்புக் கோலான லித்தோ கிரேயானில் எண் 1 மென்மையானது, கொழுப்பு அதிகம். எண் 5 கடினம். ஷட்டரின் கறுப்புக்குத் தூரிகையில் டூஷ் எனும் கொழுப்பு மை, சுவரின் சாம்பலுக்குக் கிரேயான் எண் 4 அல்லது 5. கம்பிகள் வெள்ளையாக வேண்டுமென்றால் வரைவதற்கு முன்பே அந்தக் கோடுகளைப் பிசினால் இழுத்துவிடுங்கள். பிளேடால் பிறகு கீறலாம், ஆனால் கல்லின் நுண்ணிய சொரசொரப்பு அங்கே போய்விடும். பெயர்ப்பலகை எழுத்தைத் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றி எழுத வேண்டும். ‘ழ’வில் கை தடுமாறும். உள்ளங்கை படாமல் குறுக்குப்பலகை மேல் கையை வையுங்கள், விரல்ரேகைகூட அச்சாகும்.

அடுத்ததுதான் பலர் படத்தை இழக்கும் கட்டம். ரோசின் (மரப்பிசின்) பொடியும் டால்க் பவுடரும் தூவித் துடைத்தபின், 30 மி.லி. கம் அராபிக் கரைசலில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும்: மெல்லிய சாம்பலுக்கு 5 சொட்டுக்கும் கீழே, நடுத்தரத்துக்கு 10-12, டூஷ் கறுப்புக்கு 15-க்கு மேல். மஞ்சள் கல் சாம்பல் கல்லைவிட மென்மையானது, ஆகவே சொட்டைக் குறையுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அமிலம் கூடினால் சாம்பல் மறையும். குறைந்தால் அச்செடுக்கும்போது இடைவெளிகள் மையால் அடைபடும். இந்தக் கலவையைக் கல்லில் தடவி, சில நிமிடங்களுக்குப் பின் மெல்லிய துணியால் பிசினைக் கண்ணாடிபோல் தேய்த்து, ஓர் இரவு விடுங்கள்.

மறுநாள் டர்பன்டைனால் துடைத்தால் படமே காணாமல் போகும். பயப்பட வேண்டாம், கொழுப்பு கல்லுக்குள் இருக்கிறது. ஆஸ்ஃபால்டம் என்ற தார்க் கரைசலை மெல்லிசாகத் தேய்த்து, உலர்ந்ததும் தண்ணீரால் பிசினைக் கழுவி, ஸ்பாஞ்சால் ஈரம் காத்து மை உருட்டுங்கள். படம் முழுதாக எழுந்ததும் ரோசின், டால்க், பிசின்-அமிலம் இன்னொரு முறை.

அச்சுக்கு 250 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் நன்றாக வரும். அச்சு இயந்திரத்தில் தாளைக் கல்லோடு அழுத்தும் பட்டையான ஸ்க்ரேப்பர் படத்தைவிட அகலமாகவும் கல்லைவிடக் குறுகலாகவும் இருக்கட்டும். முதல் சில பிரதிகள் வெளிறித்தான் வரும், அதற்காக மையைக் கொட்டாதீர்கள். ஓரத்தில் அழுக்குப் படிந்தால் பெரும்பாலும் கல் உலர்ந்திருக்கிறது: உடனே ஈரப்படுத்தி, ரோலரை வேகமாக ஓட்டினால் அது மையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.