முன் சஸ்பென்ஷன் ஆர்ம்: குழாயை வெட்டும் முன் ஒரு பார்வை

சொந்தமாகக் கட்டும் காருக்கு டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு) போடுகிறீர்களா? மேல் ஆர்ம் குட்டையாக இருக்கட்டும். கீழே 350 மி.மீ. என்றால் மேலே 230–250. வளைவில் பாடி சாயும்போது வெளிச்சக்கரம் ஓரளவு நிமிர்ந்து நிற்பது இதனால்தான்.

கீழ் ஆர்மின் வெளிமுனையில் பால் ஜாயிண்டுக்கு (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு) பதில் ராட் எண்ட் (மரையுள்ள தண்டின் முனையில் வரும் மூட்டு) வேண்டவே வேண்டாம். பிரேக் அடிக்கும்போது வளைக்கும் விசை முழுக்க மரையில் இறங்கும். மரைப்பள்ளத்தில் விரிசல் தொடங்கி, ஒருநாள் பட்டென்று முறியும்.

ஸ்பிரிங்கோடு வரும் ஷாக் அப்சார்பரின் (ஷாக்) கீழ்முனை பால் ஜாயிண்டை ஒட்டி வரட்டும். குழாயின் நடுவில் பிடித்தால் குழாய் வளையும், ஸ்பிரிங்கும் வீண். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால், சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு 0.7-இன் வர்க்கம், அதாவது ஸ்பிரிங் விறைப்பில் 49% தான். ஷாக் சாய்வும் இதில் அடக்கம்.

கடைசியாக டை ராட், அதாவது ஸ்டியரிங் ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி. மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பாமல் இருக்க இதன் இடம் சரியாக வேண்டும். முன்னிருந்து பார்க்கையில் இரு ஆர்ம்களின் கோடுகளையும் உள்நோக்கி நீட்டினால் சந்திக்கும் புள்ளியை நோக்கியே டை ராடும் போக வேண்டும். ரேக் பிராக்கெட்டை முதலில் டாக் வெல்டோடு (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) விடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை மேலும் கீழும் 50 மி.மீ. நகர்த்தி, 10 மி.மீ.க்கு ஒருமுறை டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அளவெடுங்கள். ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் திரும்பினால் ரேக்கின் உயரம் தப்பு. இரண்டிலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் தப்பு.