ஒரு டன் புகையின் சேதத்தைப் பணமாகக் கணக்கிடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் செம்பனை ஆலை விரிவாக்கத்திற்கோ புதிய சாலைக்கோ திட்ட அறிக்கை வந்தால், வரவு செலவுக் கணக்கோடு அத்திட்டம் வெளியிடும் வாயுக்களின் சேதமும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு டன் கரியமில வாயு கூடுதலாகக் காற்றில் கலப்பதால் இனிவரும் காலம் முழுவதும் நேரும் இழப்பின் இன்றைய மதிப்பையே கரிமத்தின் சமூகச் செலவு என்பர்.

அரசுகள் இதைக் கணினி மாதிரிகளைக் கொண்டு கணிக்கின்றன. மக்கள்தொகை, வளர்ச்சி, வெப்பநிலை ஆகியவற்றை முன்கணித்து, விளைச்சல், உடல்நலம், கடல்மட்டம் முதலியவற்றில் ஏற்படும் இழப்பை மதிப்பிட்டு, பிறகு ஒரு டன் வாயுவைக் கூட்டி மீண்டும் கணக்கிட்டு, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எடுக்கிறார்கள். 2018இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்ட்ஹாஸ் இவ்வழியின் முன்னோடி.

அடுத்து, தள்ளுபடி வீதத்தை, அதாவது எதிர்கால இழப்பை இன்றைய மதிப்பாக மாற்ற ஆண்டுதோறும் எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதை, கட்டாயம் கேளுங்கள். என் பார்வையில் விடையைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே. நூறு ஆண்டு கழித்து நேரும் 100 டாலர் இழப்பு, 2 விழுக்காட்டு வீதத்தில் இன்றைக்கு ஏறக்குறைய 14 டாலராகவும், 3 விழுக்காட்டில் 5 டாலராகவும், 7 விழுக்காட்டில் 12 காசாகவும் சுருங்கிவிடும். அமெரிக்க அரசு 2021இல் 3 விழுக்காட்டில் டன்னுக்கு 51 டாலர் என வைத்திருந்த மதிப்பு, வீதம் 2 விழுக்காடாகக் குறைந்து சேத ஆய்வுகளும் புதுப்பிக்கப்பட்டபின், 2023இல் 190 டாலரானது.

யாருடைய இழப்பு எண்ணப்பட்டது என்பதையும் விடாதீர்கள். 2017க்குப் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்கா தன் நாட்டுச் சேதத்தை மட்டுமே எண்ணியதால் மதிப்பு ஒற்றை இலக்கத்திற்கு இறங்கியது; நம் ஊர் வெள்ளத்திற்கும் வெயிலில் உழைப்பவர் உடல்நலத்திற்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை, இதை நான் அநீதியாகவே கருதுகிறேன். பிரிட்டன் 2009 முதல் சேதத்தை விட்டு, தன் வாயு வெளியீட்டுக் குறைப்பு இலக்கை எட்ட ஆகும் செலவை அளவுகோலாகக் கொள்கிறது.

இனி நீங்களே கணக்கிடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆகவே லோரிகள் எரிக்கும் 1,000 லிட்டருக்கு 2.68 டன், 190 டாலரில் பெருக்கினால் சேதம் ஏறக்குறைய 509 டாலர், 51 டாலரில் 137 மட்டுமே.

ஆலையின் மூடப்படாத கழிவுநீர்க் குளங்களிலிருந்து எழும் மீத்தேனைத் தனியாகக் கணக்கிடுங்கள். அதற்கு 2023 அமெரிக்க மதிப்பு, அதே 2 விழுக்காட்டில், டன்னுக்குச் சுமார் 1,600 டாலர். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடிப்பதற்கான செலவை இத்தொகையோடு ஒப்பிட்டுக் காட்டுமாறு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.