வியோலா ட காம்பா: மெட்டுக் கட்டுவதிலிருந்து முதல் உருப்படி வரை

வியோலா ட காம்பா, சுருக்கமாகக் காம்பா, ஐரோப்பிய வில் வாத்தியம். பார்க்க செல்லோ (பெரிய வயலின்) மாதிரி இருக்கும், இனம் வேறு. ஆறு தந்தி, கழுத்தில் ஏழு மெட்டு (சுரத்தானத்தைக் காட்டும் குறுக்குக் கட்டு; பாட்டின் மெட்டு அல்ல). தனி வாசிப்புக்கான உருப்படிகளில் பெரும்பாலானவை பேஸ் (தாழ்ந்த குரல்) அளவுக் காம்பாவுக்கு எழுதப்பட்டவை. எனவே அதிலேயே தொடங்குங்கள்.

முதலில் உட்காரும் விதம். கீழே ஊன்ற முள் கிடையாது. நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, வாத்தியத்தைக் கெண்டைக்கால்களின் மேல் சாய்த்து நிறுத்துங்கள். கைகளை எடுத்தாலும் நழுவக் கூடாது. முழங்காலால் இறுக்கினால் தொடைதான் கடுக்கும்.

அடுத்தது மெட்டு. வீணையைப் போல மெழுகில் பதித்ததல்ல. விலங்குக் குடல் நரம்பைக் கழுத்தைச் சுற்றி இரட்டையாக முடிந்தது, நகர்த்தலாம். பிரடைப் (தந்தியை முறுக்கும் ஆணி) பக்கம் கழுத்து மெலிந்திருக்கும். அங்கே இறுக்கி முடிந்து, குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) இருக்கும் பக்கமாகத் தள்ளினால் தானே விறைக்கும். முடிச்சின் நுனிகளை நெருப்பில் லேசாகச் சுட்டுவிடுங்கள், அவிழாது. தந்தியின் அதிரும் நீளம் 70 செ.மீ. என்றால், கழுத்தின் மேல்விளிம்பிலிருந்து (பிரடைப் பக்கம் தந்தி படியும் இடம்) முதல் மெட்டு சுமார் 3.9 செ.மீ., ஐந்தாவது 17.5, ஏழாவது 23.3. முதல் மெட்டுக்குத் தடித்த நரம்பு, போகப்போக மெல்லியது. இது மாறினால் அடுத்த மெட்டில் தந்தி உரசி இரையும். விரல் மெட்டின் மேல் அல்ல, அதை ஒட்டிப் பிரடைப் பக்கமாக விழ வேண்டும்.

சுருதி, பரோக் (17–18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) வழக்கப்படி ஏ 415 ஹெர்ட்ஸ். தந்திகள், தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்ததற்கு, டி, ஜி, சி, இ, ஏ, டி. சி–இ மட்டும் ச–அந்தர காந்தாரம்; மற்றவை எல்லாம் ச–சுத்த மத்தியமம். ஆகவே சி தந்தியில் நான்காம் மெட்டையும், மற்றவற்றில் ஐந்தாம் மெட்டையும் அழுத்தினால் அடுத்த தந்தியின் சுருதி கேட்க வேண்டும்.

செல்லோ கற்றவர்கள் தடுமாறுவது வில்லில்தான். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைப் பிடிக்க, நடுவிரல் நுனி வில்லில் கட்டிய முடியை (தந்தியில் உரசும் மயிரை) அழுத்தும். ஓசையின் அழுத்தம் அந்த விரலில் இருக்கிறது. அழுத்தமான அடி விழுவது நுனியிலிருந்து உள்ளே தள்ளும்போது. வெளியே இழுப்பது இலேசான அடி. குதிரையிலிருந்து 5 முதல் 7 செ.மீ. தள்ளி வாசியுங்கள். தொடக்கத்தில் சீட்டியடித்தால், தந்தியைப் பிடிக்காமலே வில்லை நகர்த்திவிட்டீர்கள். முடியைத் தந்தியில் பதித்து, நடுவிரலால் அழுத்தி, பிறகு தள்ளுங்கள்.

முதல் உருப்படிக்குப் பிரெஞ்சு காம்பாக் கலைஞர் மரே வேண்டாம். ஃபோலியா என்ற பழைய மெட்டின் மேல் அவர் எழுதிய மாறுபாடுகள் (1701) முப்பதுக்கு மேல். ஆசையாக எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். இசையமைப்பாளர் டோபியாஸ் ஹியூம் 1605இல் லண்டனில் வெளியிட்ட சிறு உருப்படிகளே சரி. டேப்லேச்சரில் (சுரத்துக்குப் பதில் எந்தத் தந்தி, எந்த மெட்டு என்று காட்டும் எழுத்துமுறை) உள்ளவை: ஆறு கோடுகள் ஆறு தந்தி, மேல்கோடு உச்சத் தந்தி, ‘ஏ’ என்ற எழுத்து (சுரம் அல்ல) திறந்த தந்தி, ‘பி’ முதல் மெட்டு. ஒரு விரலை வைத்த பின், அவசியம் வரும்வரை எடுக்காதீர்கள். அந்த நாதம் அடுத்த சுரத்தின் கீழே நீடித்தால்தான் ஒற்றை வாத்தியம் பல குரலாகக் கேட்கும்.

இது கைக்கு வந்த பிறகு ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமான். ஹாம்பர்க்கில் 1735இல் அச்சான அவரது பன்னிரண்டு தனி ஃபான்டசியாக்கள் (கட்டற்ற வடிவ உருப்படிகள்) நெடுங்காலம் தொலைந்து கிடந்து, 2015இல் கிடைத்தன. மெதுவான பகுதிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.