ஜிங்க் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்

துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் செவிலியத் தங்கச்சிகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். பேதியாகும் குழந்தைக்கு உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ்ஸும், ஜிங்க் எனும் துத்தநாக மாத்திரையும் சேர்த்தே கொடுக்கிறோம். ஆனால் மாத்திரை மட்டும் 3ஆம் நாளே பரணுக்குப் போய்விடும். "அதான் நின்னுருச்சே நர்சம்மா, இனி எதுக்கு?"

அதனால் முதல் மாத்திரையை என் கண் முன்னாலேயே கொடுக்க வைப்பேன். 2 மாத வயதிலிருந்து 6 மாத வயது வரை தினம் அரை மாத்திரை, அதாவது 10 மில்லிகிராம். அதற்கு மேல் 5 வயது வரை முழுசு, 20 மில்லிகிராம். 2 மாதம் நிறையாத பிள்ளையா? மாத்திரைப் பேச்சே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. கைக்குழந்தைக்குத் தாய் ஸ்பூனில் பால் பீய்ச்சி, மாத்திரையை அதில் போடட்டும், தானாகக் கரையும். பெரிய பிள்ளைக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் போதும். நானும் வாயில் போட்டுப் பார்த்தேன், இரும்பை நக்கின மாதிரி இருந்தது. பிள்ளை முகம் சுளித்தால் குற்றமில்லை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு முறை கரைத்துக் கொடுக்கணும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சொன்னது 10 முதல் 14 நாள். நம் நாட்டில் 14. பேதியோடு உடம்பிலிருக்கும் ஜிங்க்கும் வெளியேறிவிடுகிறது. முழுசாகக் கொடுத்து முடித்தால் அடுத்த 2, 3 மாதத்துக்குப் பேதி திரும்புவது குறையும். இதைத் தாய்மாரிடம் நான் சொல்வது வேறு மாதிரி: "3 மாத்திரை இந்தச் சித்திரைப் பேதிக்கு, மீதி 11 ஆடியில வரப் பார்க்கிற பேதிக்கு." அட்டையைத் தினசரி காலண்டர் ஆணியிலேயே மாட்டச் சொல்வேன். தாளைக் கிழிக்கிற கை மாத்திரையையும் எடுக்கும், பிள்ளைக்கும் எட்டாது.

ஓஆர்எஸ்ஸில் நான் பட்ட பாடு ஒன்று. வேலைக்கு வந்த வருஷம் ஒரு வீட்டில் பொட்டலம் முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துவிட்டார்கள். ஒரு லிட்டர் என்று சொன்னேனே தவிர, காட்டவில்லை. அன்றிலிருந்து காலி லிட்டர் பாட்டில் ஒன்று என் பையிலேயே கிடக்கிறது. கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், குடிக்கவே முடியாத சோர்வு, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது: இதில் எதைப் பார்த்தாலும் வண்டி ஏற்றுங்கள்.

8ஆம் நாள் அந்தத் தெருப் பக்கம் போனால், "மாத்திரை குடுத்தியா?" என்று கேட்பதில்லை. எல்லோரும் "ஆமா" என்பார்கள். "அட்டையை எடு" என்பேன். முழு மாத்திரைப் பிள்ளை என்றால், அன்றைக்குரியதும் போக 6 இருக்கணும்.