பின்னல் போதாது, கொண்டை போடுங்கள்

காரைக்குடிப் பக்கம் தேன்குழல், சீப்புச் சீடைக்கு மாவு அரைக்கும் மில்லில் வேலையா, பின்னலைத் தொங்கவிடாதீர்கள். மில் மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 24, பெல்ட்டில் முடிநுனி பட்டால் கை சுவிட்சுக்குப் போவதற்குள் தலையே இழுபட்டுவிடும். அதனால் பின்னி, சுருட்டி, கொண்டையாக்கி, ஊசி குத்தி, மேலே பருத்தித் துணியை இறுகக் கட்டி, அதன் முனைகளையும் உள்ளே செருகுங்கள். மல்லிகைச் சரமெல்லாம் வேலை முடிந்தபின்.

வீட்டில் கிரைண்டரை நிறுத்தாமல் குனிந்து மாவு தள்ளவே கூடாது. விறகடுப்பில் பலகாரம் சுடும்போது தலைக்கு நைலான் வலை வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டும். அப்புறம், முடியை வெட்டு என்று முதலாளி சொன்னால், முதலில் பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி போடச் சொல்லுங்கள். குடுமி வைத்த ஆண்களுக்கும் இதேதான்.