ஃபிளவர்ஹார்னுக்கு மண்டை வர என்ன போடணும்?

ஃபிளவர்ஹார்ன் என்பது நெற்றி புடைத்து வளரும் தொட்டி மீன், அந்தப் புடைப்பைத்தான் மண்டை என்பார்கள். இந்த மீனை வாங்கிய ஒரு மாதத்துக்குள் எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன், டப்பா டப்பாவாக "ஹெட் பூஸ்ட்" தீனி வாங்கிப் போட்டேன். மண்டை பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வராத மீனுக்கு எதைப் போட்டாலும் வராது. வரக்கூடிய மீனுக்கும் தண்ணீர் கெட்டால் மண்டை வற்றிப்போகும். அதனால் தீனியை விட்டுவிட்டு முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

அதற்கு முன் குணம். மத்திய அமெரிக்காவின் சிக்லிட் என்ற மீன் குடும்பத்து வகைகளைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய மீன் இது, பாட்டன் பூட்டன் எல்லாருமே இடத்துக்காக அடித்துக்கொள்கிறவர்கள். சென்னை கொளத்தூரில் 2 அங்குலக் குஞ்சு ஒன்றை வாங்கி வந்து, சின்னதுதானே என்று மோலி மீன்கள் இருந்த தொட்டியில் விட்டேன். காலையில் பார்த்தால் ஒரு மோலிக்கும் வால் இல்லை. ஒரு தொட்டிக்கு ஒரு மீன், அவ்வளவுதான். துணைக்குக் கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்றை விடலாமே என்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

நன்றாக வளர்ந்தால் ஒரு அடி நீளம் வரும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி (சுமார் 190 லிட்டர்) குறைந்தபட்சம், 4 அடி என்றால் நிம்மதி. கல், செடி எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் தோண்டிப் போடும்.

தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுவதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். மீன் வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் தொட்டி ஃபில்டரில் ஓடிய, பாக்டீரியா குடியேறிய பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், காத்திருக்கும் நாள் நிறையக் குறையும். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம். போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கவலை இல்லை, பிஎச் 7 முதல் 8 வரை இதற்கு ஒத்துக்கொள்ளும். வெப்பம் 27 முதல் 30 டிகிரி. சென்னை வெயிலில் ஹீட்டரே தேவைப்படாது, மார்கழியில் மட்டும் போடுங்கள், அதுவும் மேலே பாதுகாப்பு உறை உள்ள ஹீட்டராக. கண்ணாடி ஹீட்டரை இடித்தே உடைத்துவிடும்.

சரி, தீனி. நல்ல பெல்லட், நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் இரண்டு நாள் உரித்த இறால், ஒரு நாள் பட்டினி. கோழி, ஆட்டுக்கறி வேண்டாம், அந்தக் கொழுப்பு இதற்குச் செரிக்காது. உயிருள்ள கப்பி மீன் வாங்கிப் போடுவது வேடிக்கையாக இருக்கும், கூடவே நோயும் வரும்.

கழிவு வெள்ளை நூல் போல வந்து, தீனியை எடுத்துத் துப்பினால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். குடலில் ஒட்டுண்ணி சேர்ந்திருக்கலாம், விட்டால் தலையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். தண்ணீர் மாற்றி, வெப்பத்தை 30க்கு ஏற்றி, மெட்ரோனிடசோல் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கொடுப்பது வழக்கம். அளவைத் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள்.

ஆண் என்று வாங்கியது திடீரென்று முட்டை போட்டால் திகைக்க வேண்டாம். ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடும், அது பொரிக்காது.

இவ்வளவு சண்டைக்கோழி வேண்டாம் என்றால் பிளட் பேரட் என்ற மீன் இருக்கிறது. இதுவும் கலப்பினம்தான், வாய் சரியாக மூடாது, அதனால் சின்ன, மூழ்கும் பெல்லட்டாகப் பார்த்துப் போட வேண்டும். ஊதா, பச்சை நிறத்தில் விற்பவை சாயம் ஏற்றியவை, வாங்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனாலும் ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள், அங்குள்ள மீன்களைத் தின்று தீர்த்துவிடும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார், காசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.